காணியை ஏப்ரலிலும் ஒருமுறை பாருங்கள், தம்பி

தம்பி, உங்கள் கேள்வியை இரண்டு தரம் வாசித்தேன். கனடாவுக்கு வந்து மூன்று வருடம். நீங்களும் மச்சானும் சேர்ந்து, ரொறன்ரோவுக்குக் கிழக்கே உள்ள பிக்கறிங்குக்கு வடக்கே முக்கால் ஏக்கர் வெறுங்காணி ஒன்று பார்த்திருக்கிறீர்கள். பின்பக்கம் பள்ளம், பள்ளத்துக்குள் ஒரு சின்ன ஓடை. "முதலில் காணியை வாங்குங்கோ, பெர்மிட் பிறகு எடுக்கலாம், அந்த ஓடையில தண்ணியே இல்லை" என்று முகவர் சொல்கிறார். இந்தக் கிழமைக்குள் ஓஃபர் போடவேண்டுமாம். போடலாமா அண்ணா என்று கேட்கிறீர்கள்.

போடலாம். ஆனால் நிபந்தனை இல்லாமல் போடாதேங்கோ. ஏன் என்று கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். 2016 இல் நானும் இதே அவசரத்தில் ஒரு காணி வாங்கினேன். அந்த வலி உங்களுக்கு வரக்கூடாது.

ஊரில் காணி வாங்கும்போது உறுதிப் பத்திரத்தைப் பார்ப்போம், எல்லைக்கல்லைப் பார்ப்போம், பாதை உண்டா என்று பார்ப்போம். இங்கே இந்த மூன்றும் சரியாக இருந்தால் காணி உங்களுடையது என்பது நிச்சயம், அவ்வளவுதான். அந்தக் காணியில் எந்த இடத்தில் வீடு எழும்பலாம் என்பதை உறுதி சொல்லாது. அதை வேறு இடத்தில் கேட்கவேண்டும்.

ஒன்ராறியோவில் ஆறுகளின் நீரேந்து பரப்பு வாரியாக கன்சர்வேஷன் ஒதோரிற்றி என்ற பாதுகாப்பு அதிகாரசபைகள் இருக்கின்றன. நகரசபை வேறு, இவர்கள் வேறு. ஆற்றுப் பள்ளத்தாக்கு, சதுப்பு, வெள்ளம் ஏறும் நிலம், சரியக்கூடிய கரை என்று எதற்குள்ளும் எதற்கு அருகிலும் கட்டுவதற்கு மட்டுமல்ல, மண் கொட்டுவதற்கும் நிலமட்டத்தை மாற்றுவதற்கும் இவர்களுடைய அனுமதி வேண்டும். 2024 ஏப்ரல் 1 முதல் மாகாணம் முழுவதற்கும் ஒரே ஒழுங்குவிதி, இலக்கம் 41/24. பள்ளத்தாக்கின் உறுதியான மேல்விளிம்பிலிருந்து 15 மீற்றர், சதுப்பின் எல்லையிலிருந்து 30 மீற்றர் வரை இவர்களின் கட்டுப்பாட்டுக்குள் வரும். அதற்குள் ஒன்றுமே கட்டமுடியாது என்றில்லை. கேட்காமல் கை வைக்கமுடியாது.

"தண்ணியே இல்லை" என்ற கதைக்கு வருகிறேன். ஓடையோடு சேர்ந்த பள்ளத்தாக்குக்குள் நீரோட்டம் இருக்கிறதோ இல்லையோ, அது பள்ளத்தாக்குத்தான் என்று அந்த விதியே சொல்கிறது. முகவர் பொய் சொல்லவில்லை, ஓகஸ்ட் மாதத்தில் அங்கே தண்ணீர் இல்லாமல் இருக்கலாம். ஆனால் அது உங்கள் கேள்விக்குப் பதில் இல்லை.

இவ்வளவு கடுமை ஏன் என்று தொடக்கத்தில் எனக்கும் கோபம் வந்தது. ரொறன்ரோவில் ரேமோர் டிரைவ் என்ற தெருவின் கதையைத் தெரிந்துகொண்ட பிறகு அந்தக் கோபம் போய்விட்டது. 1954 ஒக்ரோபர் 15 இரவு ஹேசல் சூறாவளி இந்தப் பக்கம் வந்தபோது ஒன்ராறியோவில் 81 பேர் இறந்தார்கள். ஹம்பர் ஆற்றோரத்தில் இருந்த அந்த ஒரு தெருவில் மட்டும் 35 பேர். வீடுகளையே ஆறு அள்ளிக்கொண்டு போனது. அந்த இடம் இன்று ஒரு பூங்கா, அங்கே யாரும் திரும்பக் கட்டவில்லை. தெற்கு ஒன்ராறியோவின் பெரும்பகுதியில் வெள்ளம் எதுவரை ஏறும் என்று கோடு கீறும்போது இன்றைக்கும் அந்த ஹேசல் மழையைத்தான் அளவாக எடுக்கிறார்கள்: 48 மணித்தியாலத்தில் 285 மில்லிமீற்றர். நீங்கள் பார்த்த சின்ன ஓடைக்கும் அந்த மழையை வைத்துத்தான் கணக்குப் பார்ப்பார்கள்.

இனி என் கதை. ரொறன்ரோவுக்கு வடக்கே, ஓக் றிட்ஜஸ் மொறெய்ன் என்ற மேட்டுநிலப் பகுதிக்குள் ஒரு ஏக்கர். பெப்ரவரியில் போய்ப் பார்த்தோம். முழங்கால் அளவு பனி, கண்ணுக்கெட்டிய மட்டும் வெள்ளை, தட்டையான நிலம். பின்பக்கம் சில மரங்கள். நல்ல காணி என்று எல்லோரும் சொன்னார்கள். நிபந்தனை ஒன்றும் வைக்காமல் வாங்கி, உடனேயே ஆளைப் பிடித்து வீட்டுக்குப் பிளானும் கீறுவித்தேன்.

ஏப்ரலில் மனைவியோடு போனபோது பின்பாதியில் கணுக்காலுக்கு மேல் தண்ணீர். பனி உருகினால் அப்படித்தான், வடிந்துவிடும் என்று நினைத்தேன். மே மாதம் பெர்மிட்டுக்குக் கொடுத்த விண்ணப்பம் திரும்பி வந்தது: கன்சர்வேஷன் ஒதோரிற்றியின் அனுமதி எங்கே? வீட்டுக்கான கட்டட அனுமதிக்கு 10 வேலைநாளில் முடிவு சொல்வார்கள் என்று இங்கே எல்லோரும் சொல்வார்கள், அது உண்மைதான். ஆனால் முழுமையான விண்ணப்பத்துக்குத்தான் அந்தக் கணக்கு. மற்றச் சட்டங்களின் கீழ் எடுக்கவேண்டிய அனுமதி கையில் இல்லாமல் நகரசபை பெர்மிட் கொடுக்காது.

பிறகு ஒரு சூழலியலாளரை அமர்த்தினேன். அவர் வந்து முதலில் செடிகளைத்தான் பார்த்தார், எது ஈரநிலச் செடி, எது மேட்டுநிலச் செடி என்று. பிறகு கையால் திருகி இறக்கும் ஒரு துளைகருவியால் மண் எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். சாம்பல் நிறக் களிமண், அதற்குள் துருப்பிடித்த ஆணியை உடைத்துத் தூவினதுபோல் செம்மஞ்சள் புள்ளிகள். வருடத்தில் கன நாள் தண்ணீர் நின்று வற்றுகிற மண்ணில்தான் இரும்பு இப்படிப் புள்ளி புள்ளியாகத் தெரியும் என்றார். நான் வீட்டின் குசினி என்று நினைத்திருந்த இடத்து மண் அது. அடுத்த கிழமை ஒதோரிற்றி அலுவலர், நில அளவையாளர், அவர் மூவருமாக நடந்து நடந்து இளஞ்சிவப்பு றிபன் கட்டினார்கள். அந்த றிபன்தான் சதுப்பின் எல்லை. மொறெய்ன் திட்டத்தில் அதிலிருந்து குறைந்தது 30 மீற்றருக்குச் செடிகொடி விட்டுவைக்கவேண்டும். அதையும் கழித்து, கிணற்றுக்கும் செப்ரிக் என்ற கழிவுநீர்த் தொட்டிக்கும் இடம் விட்டால், வீதியோரமாக ஒரு துண்டுதான் மிஞ்சியது. கீறின பிளான் குப்பைக்குப் போனது. வீடு சின்னதாக, இரண்டு வருடம் பிந்தி எழும்பியது. அந்த இரண்டு வருடமும் வாடகையும் காணிக் கடனும் சேர்த்துக் கட்டினோம். பிள்ளைகளுக்கு அது எவ்வளவு கஷ்டம் என்று இப்போதும் நினைத்தால் மனம் கனக்கிறது.

ஆகவே தம்பி, இன்றைக்கே செய்யக்கூடியது: அந்தக் காணி எந்த ஒதோரிற்றிக்குள் வருகிறது என்று பாருங்கள். பிக்கறிங் என்றால் பெரும்பாலும் ரொறன்ரோ வட்டாரத்து ஒதோரிற்றியான ரிஆர்சிஏ. அவர்களின் இணைய வரைபடத்தில் முகவரியை அடித்தால் கட்டுப்பாட்டுப் பகுதிக்குள் வருகிறதா என்று தெரியும். செலவில்லை. ஆனால் படத்தில் நிறம் இல்லை என்று நிம்மதியாக இருந்துவிடாதேங்கோ. படம் ஒரு வழிகாட்டிதான், நிலத்தில் உண்மையாக இருப்பதுதான் கணக்கு. அதோடு நகரசபையின் நிலப்பயன்பாட்டுத் திட்டமான ஒஃபிஷல் பிளானில் இயற்கை வளப் பகுதிகள் காட்டிய படத்தையும், காணி கிறீன்பெல்ற் என்ற பாதுகாக்கப்பட்ட பசுமைப் பகுதிக்குள் வருகிறதா என்பதையும் பாருங்கள். கிறீன்பெல்ற் 2005 இல் வந்தது, அங்கேயும் அந்த 30 மீற்றர் உண்டு.

உங்கள் பக்கத்து ஓடைகள் பெரும்பாலும் டஃபின்ஸ் ஆற்றோடு சேருபவை. அந்த ஆற்றுத் தொகுதியில் றெட்சைட் டேஸ் என்று விரல் நீள மீன் ஒன்று இருக்கிறது, பக்கவாட்டில் சிவப்புக் கோடு. தண்ணீரை விட்டு எகிறிப் பாய்ந்து, கரைப் புல்லில் தொங்கும் பூச்சியைப் பிடித்துத் தின்னும். கரையில் நிழலும் புல்லும் போனால் அதற்குச் சாப்பாடும் போய்விடும். கனடாவில் அழிந்துபோகும் ஆபத்தில் உள்ள இனம் என்று 2017 இல் மத்திய அரசின் பட்டியலில் சேர்த்தார்கள். உங்கள் ஓடையில் அது இருந்தால் மத்திய அரசின் சட்டமும் வந்து சேரும். இதைத் தடையாக மட்டும் பார்க்காதேங்கோ. அந்த மீன் பாய்வதை ஒருநாள் உங்கள் பிள்ளைகள் பார்க்கக் கிடைத்தால், அது சின்னக் கொடுப்பினை இல்லை.

படங்களைப் பார்த்த பிறகு ஒதோரிற்றிக்கு எழுதி, விண்ணப்பத்துக்கு முந்திய கலந்தாலோசனை கேளுங்கள். உங்கள் லோயர் மூலம் காணி பற்றிய விசாரணைக் கடிதமும் எடுக்கலாம், அதற்குக் கட்டணம் உண்டு. என்ன அறிக்கை வேண்டும் என்று அவர்களே சொல்வார்கள்: பள்ளம் சரியுமா என்று பார்க்க மண்ணியல் பொறியியலாளர், சதுப்போ காடோ என்றால் சூழலியலாளர். பிளான் கீறுபவரை எல்லாருக்கும் கடைசியாகக் கூப்பிடுங்கள். கோடு விழாமல் வீடு கீறினால் என் கதைதான்.

சூழலியலாளருக்குப் பருவம் முக்கியம். தவளைச் சத்தத்தைக் கேட்டு எழுதுவது இளவேனிலில், கூடு கட்டும் பறவைகளைப் பார்ப்பது மே கடைசி முதல் ஜூலை தொடக்கம் வரை, செடிகளுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட பருவம். நவம்பரில் வாங்கிவிட்டு டிசம்பரில் அறிக்கை கேட்டால் யாராலும் தரமுடியாது. ஒரு முழுக் காலமும் போய்விடும்.

கொஞ்ச மண்ணைக் கொட்டிப் பள்ளத்தை மூடிவிட்டால் ஒருத்தருக்கும் தெரியாது என்று சொல்லுகிறவர்கள் நம் ஆட்களுக்குள்ளும் உண்டு. தயவுசெய்து கேட்காதேங்கோ. அனுமதியில்லாமல் செய்தால் தனியாளுக்கு 50,000 டொலர் வரை தண்டமும் மூன்று மாதம் வரை சிறையும் சட்டத்தில் இருக்கிறது. கொட்டின மண்ணைத் திரும்ப அள்ளச் சொல்லி உத்தரவும் வரலாம்.

ஓஃபருக்குள் லோயரைக் கொண்டு எழுதுவிக்கவேண்டியது இதுதான்: ஒதோரிற்றியிடமும் நகரசபையிடமும் விசாரித்து, நீங்கள் நினைக்கும் அளவு வீட்டுக்கும் செப்ரிக்குக்கும் இடம் இருக்கிறது என்று உங்களுக்குத் திருப்தி ஏற்பட்டால்தான் வாங்குவீர்கள், இல்லையென்றால் முற்பணம் முழுவதும் திரும்ப வரவேண்டும். கிழமைக் கணக்கு போதாது, மாதக் கணக்கில் அவகாசம் கேளுங்கள். விற்பவர் மறுத்தால் அந்தக் காணியை விட்டுவிடுங்கள், மச்சானுக்கும் இதை வாசித்துக் காட்டுங்கள்.

விற்பவர் சம்மதித்தால், ஏப்ரல் நடுப்பகுதியில் மழை பெய்து ஓய்ந்த ஒரு மாலை, எட்டரை மணிக்குப் பிறகு, அவரிடம் கேட்டுக்கொண்டு அந்தக் காணிக்குப் போங்கள். முழங்கால் வரை வரும் ரப்பர் சப்பாத்துப் போட்டுக்கொள்ளுங்கள். பள்ளத்து ஓரமாக நின்று ஐந்து நிமிடம் பேசாமல் இருங்கள். கீச்சுக் கீச்சென்று சின்ன விசில் அடிப்பதுபோல் நூற்றுக்கணக்கில் சத்தம் கேட்டால் அவை தவளைகள், பக்கத்தில் சதுப்பு இருக்கலாம். எந்தப் பக்கத்திலிருந்து கேட்கிறது, எவ்வளவு தூரத்தில் என்று குறித்துக்கொண்டு எனக்கு எழுதுங்கள். ஒரு சனிக்கிழமை பார்த்து நானும் வருகிறேன்.