அம்மப்பாவின் றலிக்குப் புதுப் பெயின்ற் வேண்டுமா?

கேள்வி: அம்மப்பா ஓடிய மூன்று கியர் றலி சைக்கிள் ஒன்று பருத்தித்துறை வீட்டுத் தாழ்வாரத்தில் பல வருடங்களாக நிற்கிறது. கறள் பிடித்துவிட்டது. மூன்றாவது கியரில் மிதித்தால் சில வேளை பெடல் சும்மா சுற்றுகிறது. நகரத்துக் கடை ஒன்றில் காட்டினேன். கியர் தேய்ந்துவிட்டதாம்; கியர் இல்லாத சாதாரண ஹப் (பின்சக்கரத்தின் நடு உருளை; றலியில் கியர் அதற்குள்தான் இருக்கிறது) பூட்டி, பவுடர் பெயின்ற் (தூளாகத் தூவிச் சூட்டில் உருக்கும் பூச்சு) அடித்துப் புதிது போலத் தருவார்களாம். பழைய ஹப்பைத் தாங்களே எடுத்துக்கொள்வார்களாம். கொடுக்கலாமா?

பதில்: ஹப்பைக் கொடுக்காதீர்கள். தேய்ந்துவிட்டது என்பவர்களுக்கு அது எதற்கு?

றலியின் மூன்று கியர் ஹப் பெரும்பாலும் இங்கிலாந்தின் நொட்டிங்ஹாமில் செய்த ஸ்ரேமி-ஆர்ச்சர் என்ற வகை. அழுக்கைத் துடைத்துவிட்டு அதன் உடலைப் பாருங்கள். 58 என்று பொறித்திருந்தால் 1958இல் செய்தது. மூன்றாவது கியர் நழுவினால் முதலில் சந்தேகிக்க வேண்டியது கியர் கேபிளை. அந்தக் கியரில் கேபிள் முழுவதும் தளர வேண்டும். கறளால் இறுகியோ அதிகம் முறுக்கியோ இருந்தால் உள்ளே பற்கள் சரியாகக் கடிக்காது. புதுக் கேபிள் போட்டு, கியர் மாற்றும் நெம்பை இரண்டாவது கியரில் வைத்து, வலப்பக்க நட்டின் ஓட்டை வழியே பாருங்கள்: உள்ளே தெரியும் கம்பியின் நுனி அச்சின் நுனியோடு மட்டமாக நிற்க வேண்டும். ஹப்பின் எண்ணெய் மூடியைத் திறந்து சில துளி மண்ணெண்ணெய் விட்டு உருட்டி, பிறகு ஒரு தேக்கரண்டி மெல்லிய இயந்திர எண்ணெய் விடுங்கள். கிறீஸ் வேண்டாம்; தேங்காய் எண்ணெய் வேண்டவே வேண்டாம். அதன் பிறகும் நழுவினால்தான் ஹப்பைப் பிரிக்க வேண்டும்.

மேடே இல்லாத ஊரில் கியர் எதற்கு என்பவர்கள் சோளகத்துக்கு (தென்மேற்குக் காற்றுக்கு) எதிராக யாழ்ப்பாணத்தில் கடல் நடுவே போகும் பண்ணைப் பாலத்தில் மிதித்தவர்கள் அல்லர். முதலாவது கியர் இரண்டாவதைவிட 25 சதவீதம் இலகு.

இனிப் பெயின்ற். பவுடர் பெயின்ற் உறுதியானதுதான். ஆனால் மணல் அடித்துப் பழையதை உரித்த பிறகு, ஏறத்தாழ 200 பாகை வெப்பத்தில் சுடுவார்கள். பொன் கோடுகளும் எழுத்துகளும் அதோடு போய்விடும். தடித்த பூச்சில் பிறேம் எண் நிரம்பிவிடும். பழைய பூச்சு பாதியளவு மிஞ்சியிருந்தாலும் நான் அதைத் தொடமாட்டேன். கழுவி மெழுகு பூசுங்கள். பெடல் அச்சின் அடியிலும் மட்காட் கம்பிகள் பூட்டும் இடங்களிலும் உப்புக் காற்று தின்றிருக்கும். அங்கே மட்டும் இரும்பு தெரியத் தேய்த்து, கறள் தடுப்புப் பூச்சு ஒரு தடவையும் எனாமல் இரு தடவையும் அடித்தால் போதும். றிம்மின் கறளுக்கு அலுமினியத் தாளை நனைத்துத் தேயுங்கள்.

யாரோ முன்பே தூரிகையால் பெயின்ற் அப்பிவைத்த பிறேம் என்றால் தாராளமாக முழுதாக அடிக்கலாம். அப்போதும் மரைகளை மறைத்துக் கட்டச் சொல்லுங்கள். பழைய றலியின் பெடல் அச்சுக் கிண்ணத்தில் அங்குலத்துக்கு 26 மரை. சாதாரணக் கிண்ணத்தில் 24. கெட்டால் கடையில் உள்ளது பொருந்தாது. ரயரிலும் கவனம்: மவுண்டன் சைக்கிளின் 26 அங்குல ரயர் றலியின் 26க்குப் பொருந்தாது.

வேலை கொடுக்கும் முன் சைக்கிளைப் படம் எடுத்து, கழற்றும் ஒவ்வொரு சாமானும் திரும்பத் தரப்படும் என்று பற்றுச்சீட்டில் எழுதி வாங்குங்கள். மறுத்தால் வேறு கடை பாருங்கள். ஹப்பில் எந்த எண் இருந்தது என்று எனக்கும் எழுதுங்கள்.