கானுயிர்களைப் படமெடுக்க மீடியம் ஃபார்மட் கேமரா சரிப்படுமா? பயன்படுத்தத் தொடங்கியவர்களின் முதல் அனுபவம் என்ன?

சரிப்படும். ஆனால் எந்த மாதிரிப் படத்துக்கு என்பதை முதலில் முடிவு செய்துகொள்ளுங்கள். ஒளியைப் பதிவு செய்யும் சென்சார் இதில் பெரிது என்பதால், தூரத்துப் பறவையை இன்னும் பெரிதாகக் காட்டும் என்று நம்பி வாங்கினால் ஏமாற்றம்தான் மிஞ்சும். பறவையோடு அது வாழும் இடத்தையும் சேர்த்துக் காட்ட வேண்டும் என்ற ஆசை இருந்தால், இதுவரை நான் கையில் எடுத்த கேமராக்களில் இதைவிட நல்லது எதுவும் இல்லை.

"நண்பர்கள் சிரிக்கிறார்கள், இது ஸ்டுடியோ கேமரா என்கிறார்கள்" என்று கேள்விக்குக் கீழே எழுதியிருக்கிறீர்கள். அந்த வரிதான் என்னை எழுத வைத்தது. எனக்கும் அதே பேச்சைச் சொன்னார்கள். சொன்னவர்களில் ஒருவர்கூட இந்தக் கேமராவைத் தொட்டுப் பார்த்தவர் இல்லை.

உங்கள் நிலைமை எனக்குப் புரிகிறது என்றே நினைக்கிறேன். நல்ல ஃபுல் ஃப்ரேம் கேமரா (35 மி.மீ. ஃபிலிம் அளவுச் சென்சார் கொண்டது) ஒன்று ஏற்கெனவே உங்களிடம் இருக்கும். 600 மி.மீ. வரை போகும் ஜூம் இருக்கும். கிளையில் ஒரு பறவை, பின்னால் பச்சை மங்கல், கண்ணில் ஒரு ஒளிப்புள்ளி என்று ஹார்ட் டிஸ்க் நிறையப் படங்கள் இருக்கும். எல்லாம் நல்ல படங்கள்தான். ஆனால் ஒன்றை எடுத்து இன்னொன்றின் இடத்தில் வைத்தால் வித்தியாசம் தெரியாது. அந்தப் பறவை ஏரியில் இருந்ததா, மலையில் இருந்ததா, ஒரு கட்டடத்தின் பின்புறம் இருந்ததா என்று படம் சொல்லாது. அந்தச் சலிப்பில்தான் இந்தக் கேள்வியைக் கேட்டிருக்கிறீர்கள் என்று எடுத்துக்கொண்டு பதில் சொல்கிறேன்.

ஸ்டுடியோ கேமரா என்பவர்களிடம் நீங்கள் சொல்வதற்கு ஒரு செய்தி. மீடியம் ஃபார்மட் என்றதும் பலருக்கும் நினைவு வருவது ஸ்வீடனின் ஹாசல்பிளாட் நிறுவனம். 1948இல் வெளிவந்த அதன் முதல் பொதுப் பயன்பாட்டுக் கேமராவான 1600எஃப்பை உருவாக்கிய விக்டர் ஹாசல்பிளாட், சிறு வயது முதலே பறவைகள் மீது தீராத ஈடுபாடு கொண்டவர். வலசைப் பறவைகளைத் தேடித் தேடிப் படமெடுத்தவர். ஆக, இந்த வகைக் கேமராவின் வரலாற்றில் ஒரு பறவை ஆர்வலர் தொடக்கத்திலேயே நிற்கிறார். நாம் புதிதாக எந்த மரபையும் மீறவில்லை.

இப்போது கருவிக்கு வருகிறேன். நான் வைத்திருப்பது 2024இல் வந்த ஃபுஜிஃபில்ம் ஜிஎஃப்எக்ஸ் 100எஸ் வரிசையின் இரண்டாவது கேமராவும், அதே ஆண்டு வந்த 500 மி.மீ. எஃப் 5.6 லென்ஸும் (எஃப் எண் கூடினால் உள்ளே வரும் ஒளி குறையும்). பேட்டரியோடு கேமரா 883 கிராம், லென்ஸ் 1375 கிராம். இரண்டும் சேர்ந்து இரண்டேகால் கிலோதான். மீடியம் ஃபார்மட் என்றாலே முதுகு ஒடியும் என்று நினைத்திருந்த எனக்கு இதுவே முதல் வியப்பு. பெரிய ஃபுல் ஃப்ரேம் டெலி லென்ஸ்களைச் சுமந்து பழகியவர்களுக்கு இது இளைப்பாறுதல். டிரைபாட் இல்லாமல் நாள் முழுக்கக் கையிலேயே வைத்து எடுக்கிறேன்.

சென்சாரின் அளவு 43.8க்கு 32.9 மி.மீ. "இது உண்மையான மீடியம் ஃபார்மட்டே இல்லை" என்று சொல்ல ஒருவர் கட்டாயம் வருவார். ஃபிலிம் காலத்து 6க்கு 4.5 சட்டகம் ஏறத்தாழ 56க்கு 41.5 மி.மீ. இருந்தது உண்மை. அதைவிட இது சிறியது என்பதை ஒப்புக்கொள்கிறேன். பெயர் எதுவானாலும் பரப்பில் இது ஃபுல் ஃப்ரேமைவிடப் பெரியது, அதன் ஒன்றே முக்கால் மடங்குக்குச் சற்றுக் குறைவு. எனக்கு வேலைக்கு ஆகிற கணக்கு அதுதான்.

இங்கேதான் பலரும் தடுமாறுகிறார்கள், கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். 102 மெகாபிக்சல் என்றதும் பறவைக்கும் அத்தனை நுணுக்கம் கிடைக்கும் என்று தோன்றும். இந்தச் சென்சாரில் ஒரு பிக்சலின் அளவு 3.76 மைக்ரான். 61 மெகாபிக்சல் ஃபுல் ஃப்ரேம் கேமராக்களிலும் அதே 3.76 மைக்ரான்தான். அதே இடத்தில் நின்று, அதே 500 மி.மீ. லென்ஸில், அதே நாரையை இரண்டிலும் எடுத்தால் நாரைக்கு விழும் பிக்சல்கள் சரிசமம். மீதி நாற்பது மெகாபிக்சல் முழுவதும் நாரையைச் சுற்றியுள்ள கோரைக்கும் தண்ணீருக்கும் வானத்துக்கும் போகிறது. ஃபுல் ஃப்ரேமைவிடச் சிறிய சென்சார் கொண்ட 40 மெகாபிக்சல் ஏபிஎஸ்-சி கேமரா வைத்திருப்பவருக்கோ அதே லென்ஸ் நீளத்தில் பறவைக்கு நம்மைவிட ஒன்றரை மடங்கு பிக்சல் கிடைக்கும். 24 மெகாபிக்சல் ஃபுல் ஃப்ரேமிலிருந்து வருகிறவர்களுக்கு மட்டும்தான் பறவையிலும் பெரிய முன்னேற்றம் தெரியும்.

இன்னொன்று: இந்த 500 மி.மீ. லென்ஸ் காட்டும் கோணம் ஃபுல் ஃப்ரேமின் 400 மி.மீ.க்குச் சமம். லென்ஸின் நீளத்தைக் கூட்டும் 1.4 மடங்கு கன்வெர்ட்டர் போட்டால் 700 மி.மீ. எஃப் 8 ஆகும். ஃபுல் ஃப்ரேம் கோணத்தில் அது சுமார் 550 மி.மீ. அதற்கு மேல் போக இந்த வரிசையில் இப்போதைக்குச் சொந்த லென்ஸ் இல்லை. தூரத்தை லென்ஸால் கடந்து பழகியவர்களுக்கு இது முட்டுச்சுவர்.

இவ்வளவு தெரிந்தும் ஏன் இதைக் கொண்டாடுகிறேன் என்று கேட்பீர்கள். ஒரு படத்தைப் பற்றிச் சொல்கிறேன்.

ஒரு விடியற்காலை, ஏரிக்கரையில் சம்பங்கோரைப் புதருக்கு எதிரே உட்கார்ந்திருந்தேன். செந்நாரை ஒன்று கோரையின் ஓரத்தில் நின்றது. பழைய கேமராவாக இருந்தால் அதன் தலையையும் கழுத்தையும் மட்டும் வளைத்துப் பிடித்திருப்பேன். இதில் அதற்கு வழியில்லாததால் கோரை முழுவதையும் உள்ளே விட்டேன். நாரை சட்டகத்தில் பத்தில் ஒரு பங்குகூட இருக்காது. வீட்டுக்கு வந்து திரையில் முழு அளவுக்கு விரித்து, இடமிருந்து வலமாக நகர்த்திப் பார்த்துக்கொண்டே வந்தேன். கோரைத் தண்டுகளுக்கு நடுவே கட்டியிருந்த சிலந்தி வலையில் பனித்துளிகள் தனித்தனியாகத் தெரிந்தன. நாரையின் கழுத்துக் கோடு ஒவ்வொன்றும் இறகு இறகாகப் பிரிந்து நின்றது. வலது ஓரத்துக்குப் போனபோது ஒரு கோரைத் தண்டுக்குக் கண் இருந்தது. மஞ்சள் குருகு! அலகை வானத்தைப் பார்த்து நிமிர்த்தி, கழுத்தை நீட்டி, உடம்பின் கோடுகளைத் தண்டுகளோடு ஒட்டவைத்து அசையாமல் நின்றிருக்கிறது. ஆபத்து என்று பட்டால் குருகு இனங்கள் இப்படித்தான் நிற்கும். நான் அங்கே உட்கார்ந்திருந்த அத்தனை நேரமும் அது என் கண்ணில் படவில்லை. நாரையைவிட நாலடி தள்ளி, அதே குவியத் தளத்தில், மஞ்சள் கண்ணோடு என்னையே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறது.

நாரையை நெருக்கிப் பிடித்திருந்தால் குருகு என் படத்தில் இல்லை. அகலமான லென்ஸில் சாதாரணக் கேமராவில் எடுத்திருந்தால் அது நாலைந்து பிக்சல் பழுப்பாகத்தான் விழுந்திருக்கும். "61 மெகாபிக்சலில் இரண்டு மூன்று படம் எடுத்து ஒட்டியிருக்கலாமே" என்று எழுத வருகிறவர்களுக்கு: காற்றில் கோரை அசைகிறது, நாரை நடக்கிறது. ஒட்டிப் பாருங்கள், பிறகு பேசலாம்.

வண்ணத்தையும் ஒளியையும் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அடிப்படை ஐஎஸ்ஓ (ஒளியுணர்திறன்) 80இல், நல்ல வெயிலில் நிற்கும் வெண்கொக்கும் அதன் காலடியில் கரிய சேறும் ஒரே படத்தில் உயிரோடு இருக்கின்றன. கொக்கின் முதுகில் வெண்மைக்குள்ளேயே இருக்கும் மெல்லிய நிழல்கள் வெளுத்துப் போகவில்லை. சேற்றை மேலே தூக்கினாலும் அழுக்கு படியவில்லை. ஆனால் இருட்டில் இது அற்புதம் செய்யும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். பரப்பு கூடியதால் கிடைக்கும் லாபம் முக்கால் ஸ்டாப்தான் (ஒரு ஸ்டாப் என்றால் இருமடங்கு ஒளி). லென்ஸோ எஃப் 5.6. ஃபுல் ஃப்ரேமில் 400 மி.மீ. எஃப் 2.8 வைத்திருப்பவர் அந்தி நேரத்தில் நம்மைவிட ஒரு ஸ்டாப்புக்கும் மேலே முன்னால் இருப்பார்.

வேகம் குறைவு, இதை மறைக்க மாட்டேன். நொடிக்கு 7 படம். இன்றைய வேகக் கேமராக்கள் நொடிக்கு 30ஐத் தாண்டிவிட்டன, 2023இல் அறிவிக்கப்பட்ட சோனி ஏ9 மூன்றாம் பதிப்பு 120 எடுக்கிறது. பறவையின் கண்ணைத் தேடிப் பிடிக்கும் வசதி இதிலும் உண்டு. நிற்கிற, நடக்கிற, நீந்துகிற பறவைக்கு அது போதும். பக்கவாட்டில் நிதானமாகப் பறக்கும் நாரைக்கும் கூழைக்கடாவுக்கும்கூடத் தாக்குப்பிடிக்கிறது. நேராக நம்மை நோக்கிப் பாய்ந்து வரும் ஆலாவையோ தகைவிலானையோ எடுக்க இதை நம்பி உட்காராதீர்கள். சத்தம் இல்லாத எலக்ட்ரானிக் ஷட்டரைப் போட்டால், இவ்வளவு பெரிய சென்சார் வரிவரியாகப் படித்து முடிப்பதற்குள் சிறகு வளைந்துவிடும். அசையாத விலங்குக்கு மட்டும் அதை வைத்துக்கொள்ளுங்கள், மற்றதற்கெல்லாம் மெக்கானிக்கல் ஷட்டர்தான்.

ஒன்று கவனித்தேன். பர்ஸ்ட் (தொடர்படம்) அடித்துவிட்டுப் பிறகு பொறுக்கிக்கொள்ளும் பழக்கம் தானாகவே நின்றுவிட்டது. இழப்பில்லாமல் சுருக்கிய ஒரு ரா கோப்பே, அதாவது கேமரா பதப்படுத்தாத மூலக் கோப்பே, பெரும்பாலும் நூறு எம்பியைத் தாண்டுகிறது என்பதும் ஒரு காரணம்தான். அதைவிட, பார்வை சட்டகத்தின் ஓரங்களுக்குப் போகத் தொடங்கியது. இந்த மூலையில் இருக்கும் பட்ட மரம் வேண்டுமா, தண்ணீரில் விழும் நிழலுக்கு இடம் விட வேண்டுமா என்று யோசிக்கிறேன். பறவை திரும்புவதற்குக் காத்திருக்கிறேன். நடுப்பகலில் கேமராவை உறைக்குள் வைத்துவிடுகிறேன். சூடான காற்று அலைபாயும்போது அந்த அலை முழுவதும் படத்தில் பதிகிறது, எத்தனை மெகாபிக்சல் இருந்தும் பயனில்லை.

இந்த இடத்தில் கேள்விக்குச் சம்பந்தமில்லாத ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். குருகு ஒளிந்திருந்த அந்தப் படத்தை ஓர் இதழ் கேட்டது. பெயரைச் சொல்லப்போவதில்லை. முழு அளவில் அனுப்பினேன், வலது ஓரத்தில் இருப்பதை விளக்கி ஒரு குறிப்பும் வைத்தேன். அச்சில் வந்தபோது கோரை இல்லை, ஏரி இல்லை, குருகு இல்லை. நாரையை மட்டும் சதுரமாக வெட்டி ஒரு பத்தியின் ஓரத்தில் தபால்தலை போல ஒட்டியிருந்தார்கள். என் பெயர் இல்லை. சன்மானம் பற்றிக் கேட்டதற்கு, வாசகர்களிடம் படம் போய்ச் சேர்வதே பெரிய வெகுமதி என்று பதில் வந்தது. கட்டுரை எழுதியவருக்குப் பெயர் உண்டு, பக்கத்தை வடிவமைத்தவருக்குப் பெயர் உண்டு. விடியலுக்கு முன்னால் போய்ச் சேற்றில் உட்கார்ந்தவருக்கு மட்டும் எதுவும் இல்லை. கானுயிர்ப் படம் எடுப்பவர்கள் எல்லோரும் பொழுதுபோக்குக்காரர்கள், பெயர் கேட்டால் பெருமைக்கு அலைகிறவர்கள் என்ற எண்ணம் எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை. இலவசமாகக் கொடுத்துக் கொடுத்து அதை வளர்த்ததில் நம்மில் பலருக்கும் பங்கு உண்டு. இதைப் படிக்கும் இளைஞர்களுக்குச் சொல்கிறேன்: எழுத்தில் ஒப்புதல் வாங்காமல் பெரிய கோப்பை யாருக்கும் அனுப்பாதீர்கள். வெட்டக் கூடாது என்றால் அதையும் எழுத்தில் கேளுங்கள்.

சரி, உங்கள் விஷயம். படங்களைக் கைபேசித் திரையில் மட்டும்தான் காட்டப்போகிறீர்கள் என்றால் இது வேண்டாம். அங்கே குருகு யார் கண்ணுக்கும் தெரியாது. அச்சிடுகிற பழக்கம் இருக்கிறதா? 11,648 பிக்சல் அகலம் என்பது அங்குலத்துக்கு 300 புள்ளி கணக்கில் 38 அங்குலத்துக்கும் மேல். அந்த அளவில் அச்சிட்டுச் சுவரில் மாட்டினால், பார்க்கிறவர்கள் நாரையைப் பார்த்துவிட்டு நகராமல் கோரைக்குள் தேடத் தொடங்குகிறார்கள். என் வீட்டுக்கு வருகிறவர்களிடம் இதை நேரில் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

வாங்குவதற்கு முன்னால் வாடகைக்கு எடுத்து, உங்களுக்கு நன்றாகப் பழகிய ஓரிடத்துக்குக் கொண்டு போங்கள். புதிய இடத்துக்குப் போனால் இடத்தின் அழகு எது, கேமராவின் பலன் எது என்று பிரித்தறிய முடியாது. 500 மி.மீ.யோடு நிற்காமல் ஒரு நடுத்தர லென்ஸையும் சேர்த்து எடுத்துக்கொள்ளுங்கள். பக்கத்தில் வரத் தயங்காத விலங்குகளை அவற்றின் இடத்தோடு எடுக்க அதுதான் உதவும். இருக்கிற ஃபுல் ஃப்ரேம் கேமராவை விற்று இதை வாங்கும் எண்ணம் இருந்தால் கைவிட்டுவிடுங்கள். மீன்கொத்தி தண்ணீரில் பாய்வதை எடுக்க அது உங்களுக்கு இன்னும் வேண்டும்.