எக்ஸ்கவேட்டருக்கு மரக் கத்தரி: எதைப் பார்த்து வாங்குவது?

கேள்வி: மதிப்பிற்குரிய ஐயா, தென்னாப்பிரிக்காவின் டொங்காட்டுக்கு மேற்கே எங்கள் குடும்பத்துக்குக் கரும்புத் தோட்டம் இருக்கிறது. ஓடைக்கரை நெடுகிலும் கறுப்பு வாட்டில் என்ற வேல இன மரமும் யூகலிப்டஸும் மண்டிவிட்டன. வாய்க்கால் தோண்ட வைத்திருக்கும் 14 டன் எக்ஸ்கவேட்டரில் ஹைட்ராலிக் மரக் கத்தரி ஒன்றைப் பொருத்தி இவற்றை அகற்றலாம் என்று நினைக்கிறேன். விற்பனையாளர் 300 மில்லிமீட்டர் தடிமன் வரை வெட்டும் கத்தரி ஒன்றையும், 400 மில்லிமீட்டர் வரை வெட்டும் கத்தரி ஒன்றையும் காட்டினார். விலையில் பெரிய வேறுபாடு இல்லாததால் பெரியதையே எடுத்துக்கொள்ளச் சொல்கிறார். வாட்டிலைக் கரி சுடுபவருக்கும், நேரான யூகலிப்டஸைக் கம்பத்துக்கும் விற்க எண்ணம். எதை வாங்குவது?
– டொங்காட் வாசகர்

பதில்: இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் முன்பு, வெட்டிய மரம் எங்கே போகப்போகிறது என்பதை நீங்கள் முடிவுசெய்ய வேண்டும். இந்தக் கத்தரி பாக்குவெட்டியைப் போல வேலை செய்வது. அசையாத தாங்கு தகட்டின் மேல் மரத்தை வைத்து, கத்தி அதை அழுத்திப் பிளந்துகொண்டு உள்ளே செல்கிறது. ரம்பம் நாரை அறுத்து எடுக்கிறது. கத்தரி நாரை நசுக்கி ஒதுக்குகிறது. அதனால் அடிமரத்தின் முனையில் விரிசல்கள் உண்டாகி, தண்டின் நீளவாக்கில் மேலே ஏறுகின்றன. கரிக்கும் விறகுக்கும் மரச்சில்லுக்கும் இதனால் எந்தக் குறையும் இல்லை. கம்பத்துக்கோ பலகைக்கோ போகும் மரத்தில் அந்த விரிசல் பகுதியை அறுத்துத் தள்ள வேண்டியிருக்கும். அதுவே மரத்தின் மிகத் தடித்த, விலைமதிப்புள்ள பகுதி. ஆகையால் உங்கள் வாட்டிலுக்குக் கத்தரி பொருத்தமானது. கம்பத்துக்கென்று ஒதுக்கும் யூகலிப்டஸைப் பயிற்சி பெற்ற ஆளைக் கொண்டு சங்கிலி ரம்பத்தால் வெட்டுவதே நல்லது என்பது என் உறுதியான கருத்து.

இனி அளவுக்கு வருவோம். விற்பனைத் தாளில் பெரிய எழுத்தில் அச்சிடப்படும் தடிமனைப் பார்த்து யாரும் கத்தரி வாங்கக் கூடாது. கத்தி எவ்வளவு தடித்த மரத்தை வெட்டும் என்பதைவிட, வெட்டி முடித்த கணத்தில் கையில் நிற்கும் மரத்தை உங்கள் இயந்திரம் தாங்குமா என்பதே முதல் கேள்வி. பிடிக்கரங்கள் உள்ள கத்தரி மரத்தைப் பிடித்துக்கொண்டுதான் வெட்டுகிறது. வெட்டு முடிந்தவுடன், அதுவரை வேர் தாங்கிய எடை முழுவதும், எக்ஸ்கவேட்டரின் நீண்ட கையான பூமின் நுனிக்கு வந்துவிடுகிறது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். அடியில் 30 சென்டிமீட்டர் தடிமனும் 16 மீட்டர் உயரமும் கொண்ட பச்சை மரத்தின் தண்டு, மேல்நோக்கிச் சிறுப்பதைக் கழித்தால், ஏறத்தாழ அரை கன மீட்டர் இருக்கும். பச்சை மரத்தின் ஒரு கன மீட்டர் சுமார் ஒரு டன் என்று கொண்டால் தண்டு மட்டும் 500 கிலோ; கிளையும் இலையும் சேர்ந்தால் 600 கிலோவைத் தாண்டும். இதையே 40 சென்டிமீட்டர் தடிமன், 20 மீட்டர் உயரம் என்று மாற்றினால் தண்டு மட்டுமே 1,100 கிலோவுக்கு மேல் வருகிறது. தடிமன் மூன்றில் ஒரு பங்கு கூடியதற்கு எடை இரண்டு மடங்கைக் கடந்துவிட்டது. இதனுடன் கத்தரியின் எடை 800 கிலோ என்றும் கருவிகளை விரைவாக மாட்டிக் கழற்ற உதவும் குவிக் ஹிட்சின் எடை 150 கிலோ என்றும் வைத்துக்கொண்டால், கிளைகளைச் சேர்க்காமலே இரண்டு டன்னுக்கு மேல் ஆகிறது. அதுவும் பூமை நீட்டியிருக்கும் நிலையில்.

உங்கள் எக்ஸ்கவேட்டரின் கையேட்டில் தூக்குதிறன் அட்டவணை இருக்கும். அதில் முன்பக்கத்துக்கு ஒன்று, பக்கவாட்டுக்கு ஒன்று என இரண்டு எண்கள் உண்டு. நீங்கள் பார்க்க வேண்டியது சிறிய எண்ணான பக்கவாட்டு எண். ஐ.எஸ்.ஓ. 10567 தர விதிப்படி, அந்த எண் கவிழும் எடையின் 75 விழுக்காட்டையோ ஹைட்ராலிக் தூக்குவிசையின் 87 விழுக்காட்டையோ தாண்டாதபடி கணக்கிடப்படுகிறது. ஆனால் அது உறுதியான சமதளத்துக்கான கணக்கு. ஓடைக்கரையோ சரிந்தும் ஈரமாகவும் இருக்கும். மரத்தின் உச்சியில் அடிக்கும் காற்றும் கவிழ்க்கும் விசையைக் கூட்டும். ஆகவே அட்டவணை எண்ணுக்குக் கீழே கணிசமான இடம் விட்டே வேலை செய்ய வேண்டும். 400 மில்லிமீட்டர் கத்தரியை வாங்கினால், அந்த வாயில் நுழையும் மரத்தையெல்லாம் வெட்டத்தான் ஓட்டுநருக்குத் தோன்றும். உங்கள் நிலமும் இயந்திரமும் நீங்கள் சொன்னபடியே இருந்தால் 300 மில்லிமீட்டர் கத்தரியையே பரிந்துரைக்கிறேன். அதைவிடத் தடித்த மரங்கள் சிலவே இருக்கக்கூடும்; அவற்றை ரம்பத்துக்கு விட்டுவிடுங்கள்.

அடுத்தது, கத்தரியை இயக்கும் எண்ணெய்ச் சுற்று. பலரும் இதை வாங்கிய பின்புதான் கேட்கிறார்கள், அதற்குள் பணம் போய்விடுகிறது. அழுத்தம் விசையைத் தருகிறது. எண்ணெயின் ஓட்டம் வேகத்தைத் தருகிறது. இவ்விரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்ளக் கூடாது. 125 மில்லிமீட்டர் உள்விட்டமுள்ள சிலிண்டர், 250 பார் அழுத்தத்தில் ஏறத்தாழ 31 டன் தள்ளுவிசை தரும். அதே சிலிண்டருக்கு 180 பார்தான் கிடைத்தால் விசை 22 டன்னுக்குச் சற்று மேலே நின்றுவிடும்; கத்தி பாதி மரத்தில் சிக்கிக்கொள்ளும். உங்கள் இயந்திரத்தில் பாறை உடைக்கும் பிரேக்கருக்காக இழுத்த குழாய் இருக்கிறதென்றால், அதன் அழுத்த வால்வு குறைவாக வைக்கப்பட்டிருக்க வாய்ப்புண்டு. அந்தக் குழாய் ஒருவழியாக மட்டும் எண்ணெயைச் செலுத்துவதாகவும் இருக்கலாம். கத்தரி மூடவும் திறக்கவும் வேண்டுமென்பதால் இருவழிச் சுற்று கட்டாயம் தேவை. கத்தரியைச் சுழற்றும் சுழலியும் வேண்டுமென்றால் இரண்டாவது சுற்று ஒன்று தேவைப்படும். ஓட்டத்தைப் பொறுத்தவரை, மேலே சொன்ன சிலிண்டரின் வீச்சு 400 மில்லிமீட்டர் என்றால், நிமிடத்துக்கு 60 லிட்டர் ஓட்டத்தில் அது ஏறத்தாழ ஐந்து விநாடியில் மூடும். மரம் வெட்ட அந்த வேகம் போதும்.

வாங்கும் முன்பு ஹைட்ராலிக் தொழிலாளி ஒருவரை அழைத்து, கத்தரிக்கு எண்ணெய் தரும் துணைச் சுற்றின் அழுத்தத்தையும் ஓட்டத்தையும் மீட்டர் வைத்து அளக்கச் சொல்லுங்கள். விற்பனைத் தாளில் உள்ள தடிமன் பெரும்பாலும் மென்மரத்துக்கானது என்பதையும் கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள். மென்மரமான பைனைவிட வாட்டில் கடினமானது. நின்றபடியே காய்ந்துபோன வாட்டில் அதைவிடவும் கடினமானது.

சுழலிக்கோ பக்கவாட்டுச் சாய்வுக்கோ கூடுதல் பணம் கொடுப்பது வீண் என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. நிலையாகப் பொருத்திய கத்தரியை பக்கெட் சிலிண்டரால் ஒரே தளத்தில்தான் திருப்ப முடியும். சரிவில் நிற்கும் மரத்தைக் கத்தரி நேராகப் பற்றாவிட்டால், தண்டு வளைந்து கத்தியைப் பிடித்துக்கொள்ளும். வெட்டியபின் மரம் நீங்கள் நினைத்த பக்கம் சாயாது. குறைந்தது சாய்வு வசதியாவது இருக்கட்டும். பிடிக்கரங்களின் சிலிண்டரில், எண்ணெய் திரும்பி ஓடாமல் தடுக்கும் செக் வால்வு இருக்கிறதா என்று பாருங்கள். ஹோஸ் வெடித்தாலும் மரம் கைநழுவாமல் இருப்பது அதனால்தான். அது இல்லாத கத்தரியை எந்த விலைக்கும் வாங்காதீர்கள்.

இறுதியாக, வெட்டியபின் மிஞ்சும் அடிக்கட்டை. யூகலிப்டஸ் அடியிலிருந்து தழைக்கும்; வாட்டிலின் விதை மண்ணில் பல ஆண்டுகள் உயிரோடு கிடக்கும். 1995இல் அரசு தொடங்கிய வொர்க்கிங் ஃபார் வாட்டர் திட்டம் ஓடைகளில் இம்மரங்களை அகற்றத் தொடங்கியதே, இவை நீரை உறிஞ்சுவதால்தான். வெட்டியவுடன், அடிக்கட்டை ஈரமாக இருக்கும்போதே, அதற்கென்று பதிவான களைக்கொல்லியைப் பூச வேண்டும். கத்தரி நசுக்கிய அடிக்கட்டையைத் தரையை ஒட்டி ரம்பத்தால் ஒருமுறை சுத்தமாக அறுத்துவிட்டுப் பூசினால் மருந்து சீராக இறங்கும். கத்தரியையே மண்ணுக்குள் அழுத்தித் தாழ வெட்ட முயன்றால் கல் பட்டுக் கத்தி கெடும்.

கேள்வி: எங்கள் நிலத்தில் மரம் வெட்ட ஒப்பந்தக்காரர் ஒருவர் கத்தரி பொருத்திய எக்ஸ்கவேட்டருடன் வருகிறார். வேலை தொடங்கும் முன்பு நான் எதையெல்லாம் பார்க்க வேண்டும்?
– ஸ்டேங்கர் வாசகி

பதில்: முதலில் ஓட்டுநர் அறையைப் பாருங்கள், அம்மா. மண் தோண்டும் எக்ஸ்கவேட்டரின் சாதாரணக் கண்ணாடி, முறிந்து விழும் கிளையைத் தாங்காது. மேலே பாதுகாப்புக் கூரையும் முன்னே கம்பித் தடுப்பும் இருக்க வேண்டும். வனத்தொழில் இயந்திரங்களில் விழும் பொருள்களிலிருந்து காக்கும் அமைப்புக்கு ஐ.எஸ்.ஓ. 8083, உள்ளே குத்திக்கொண்டு வரும் கிளைகளிலிருந்து காக்கும் அமைப்புக்கு ஐ.எஸ்.ஓ. 8084 என்ற தர விதிகள் உள்ளன. பற்றவைத்துச் செய்த கம்பிக்கூண்டு அவற்றுக்கு ஈடாகாது. இரண்டாவதாக, எஞ்சின் அறையிலும் ரேடியேட்டரிலும் காய்ந்த இலை சேர்ந்திருக்கிறதா என்று பார்த்து, தினமும் சுத்தம் செய்யச் சொல்லுங்கள். தீயணைப்பான் வண்டியிலேயே இருக்க வேண்டும். குளிர்காலத்தில் நம் பகுதியில் எல்லாம் காய்ந்து கிடக்கும்போது இது மிகவும் முக்கியம். மின்கம்பிக்கு அருகே உள்ள மரங்களை மின்வாரியத்திடம் கேட்காமல் தொடவே கூடாது.

எந்த மரத்தை வெட்டலாம் என்பதை ஒப்பந்தக்காரரிடம் விட்டுவிடாதீர்கள். கறுப்பு வாட்டில் அந்நிய ஆக்கிரமிப்பு இனங்களின் பட்டியலில் இருக்கிறது. ஆனால் 1998ஆம் ஆண்டின் தேசிய வனச் சட்டப்படி, இயற்கைக் காட்டிலுள்ள உள்நாட்டு மரங்களையும், மில்க்வுட், மருலா போன்ற பாதுகாக்கப்பட்ட மரங்களையும் உரிமம் இன்றி வெட்டக் கூடாது. விடவேண்டிய மரங்களில் நீங்களே வண்ண நாடா கட்டிவிடுங்கள். உயரத்தில் இருக்கும் ஓட்டுநருக்கு எல்லாம் ஒரே பச்சையாகத்தான் தெரியும்.

கேள்வி: பழைய கத்தரி ஒன்று மலிவாகக் கிடைக்கிறது. வாங்கலாமா?
– அம்சிண்டோ வாசகர்

பதில்: வாங்கலாம், ஆனால் இயந்திரத்தில் மாட்டி, உங்கள் கண்முன்னே மரம் ஒன்றை வெட்டிக் காட்டச் சொல்லுங்கள். கத்தி தாங்கு தகட்டோடு முழு நீளத்துக்கும் சீராகப் பொருந்த வேண்டும். கீல் ஊசியை நெம்புகோலால் அசைத்துப் பாருங்கள். ஆட்டம் இருந்தால், ஊசியைச் சுற்றியுள்ள உறையான புஷ் தேய்ந்திருக்கிறது. அதை மாற்றலாம். சட்டத்தின் பற்றவைப்பில் விரிசலோ, மேலே மீண்டும் பற்றவைத்த தடமோ இருந்தால் விலையைப் பேசாமல் திரும்பிவிடுங்கள். சிலிண்டர் கம்பியில் துருக்குழிகள் இருந்தால் சீல் நிலைக்காது. கத்தியைக் கழற்றி மாற்ற முடிகிறதா, அதற்கு டர்பனிலோ பீட்டர்மாரிட்ஸ்பர்க்கிலோ உதிரி கிடைக்கிறதா என்று முன்கூட்டியே விசாரியுங்கள். தீட்டும்போது கத்தியின் விளிம்பு நீலம் பாய்ந்திருந்தால், எஃகு சூடேறி மென்மையாகிவிட்டது என்று பொருள்; அந்தக் கத்தி விரைவில் மழுங்கும், புதுக் கத்தியின் விலையையும் சேர்த்துக் கணக்கிட்டுக்கொள்ளுங்கள். மாட்டும் ஊசியின் விட்டம், ஊசி நுழையும் இரு காதுகளுக்கு இடையிலான அகலம், ஊசிகளின் மைய இடைவெளி ஆகிய மூன்றையும் உங்கள் இயந்திரத்தில் அளந்து எழுதிக்கொண்டு போங்கள்.