கல்லுக்குள் பித்தளை முடி: மில்லரைட்தானா?

"வேல்ஸின் தலைநகர் கார்டிஃபில் வேலை பார்க்கிறேன். ரொந்தா பள்ளத்தாக்கில் பழைய நிலக்கரிச் சுரங்கக் கழிவு மேட்டுக்குக் கீழே ஓடும் ஓடையில் கனமான, பழுப்பு நிற உருண்டைக் கல் ஒன்று கிடைத்தது. உடைத்தால் உள்ளே வெடிப்புகள், வெடிப்புகளில் வெள்ளைப் படிகங்கள், அவற்றின் மேல் தங்க நிறத்தில் முடி முடியாக ஏதோ நிற்கிறது. தங்கமா, 'முட்டாள் தங்கம்' எனப்படும் பைரைட்டா? எப்படிக் கழுவி வைப்பது? இன்னும் போய்த் தேடலாமா?" என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்.

முதலில், கழுவாதீர்கள். மற்றதை அப்புறம் பேசலாம்.

நீங்கள் சொல்லும் இடமும் கல்லும் முடியும் சேர்ந்தால் பெரும்பாலும் அது மில்லரைட், அதாவது நிக்கல் சல்ஃபைடு. எடையில் ஏறக்குறைய 65 சதவீதம் நிக்கல். தெற்கு வேல்ஸின் நிலக்கரிப் படுகைகளில் கிடைக்கும் இரும்புக்கல் உருண்டைகள் இதற்குப் பேர்போனவை. உருண்டை சிடரைட், அதாவது இரும்புக் கார்பனேட்; அதனால்தான் கையில் எடுத்ததும் கனக்கிறது. அது இறுகிச் சுருங்கியபோது உள்ளே விழுந்த வெடிப்புகளில் பிற்பாடு குவார்ட்ஸும், கடைசியாக இந்த முடிகளும் வளர்ந்தன. பழைய ஜெர்மன் சுரங்கக்காரர்கள் இதை 'ஹார்கீஸ்' என்றார்கள். 'ஹார்' என்றால் முடி. 1845இல் ஆஸ்திரியக் கனிமவியலாளர் ஹைடிங்கர் சூட்டிய இன்றைய பெயர், கனிமவியலாளர் வில்லியம் ஹாலோஸ் மில்லரைக் கௌரவித்து வந்தது. படிகவியல் படித்தவர்களுக்குப் படிகத் தளங்களைக் குறிக்கும் மில்லர் குறியீடு ஞாபகம் வரும், அவரேதான். அவர் பிறந்ததும் வேல்ஸில், லான்டவரிக்குப் பக்கத்தில். ஆனால் பெயர் வைத்ததற்கும் அதற்கும் தொடர்பு இல்லை.

சரி, எப்படி உறுதி செய்வது? புத்தகங்கள் பீங்கானில் உரசிக் கோட்டின் நிறத்தைப் பார்க்கச் சொல்லும். இங்கே அது வீண். மில்லரைட்டின் கோடு பச்சை கலந்த கறுப்பு. செம்பும் இரும்பும் சேர்ந்த சல்ஃபைடான சால்கோபைரைட்டுக்கும் அதே, பைரைட்டுக்கும் கிட்டத்தட்ட அதே. முடியும் போய்விடும். பத்து மடங்கு லென்ஸும் நல்ல வெளிச்சமும் போதும். பைரைட் என்றால் பெரும்பாலும் கனசதுரம். சால்கோபைரைட் இதே உருண்டைகளில் வரும், நிறமும் ஏமாற்றும், ஆனால் அது ஆப்பு போலக் கட்டையாக இருக்கும். மில்லரைட் ஒரே புள்ளியிலிருந்து விசிறியாகப் பிரியும் மெல்லிய ஊசிகள். சற்றுத் தடித்த ஊசியில் நீளவாக்கில் வரிகள் தெரியும். தங்கமா என்ற சந்தேகம் தீராவிட்டால், ஓரத்து முடி ஒன்றைக் குண்டூசியால் லேசாகத் தள்ளிப் பாருங்கள். மில்லரைட் வளைந்து திரும்ப நிமிரும், அல்லது ஒடியும். தங்கக் கம்பி வளைந்தபடியே நிற்கும். ஒரு முடிக்கு மேல் சோதிக்க வேண்டாம்!

இதற்கு மேலும் உறுதி வேண்டுமென்றால் எக்ஸ் கதிர்ச் சோதனைதான். கார்டிஃப் தேசிய அருங்காட்சியகத்தில் வேல்ஸ் கனிமங்களின் பெரிய சேகரிப்பு இருக்கிறது. அருகிலேயே இருக்கிறீர்கள், ஒருமுறை போய் ஒப்பிட்டுப் பாருங்கள்.

கழுவக் கூடாததற்குக் காரணம் தண்ணீர்தான். ஈரத்தலை போல முடிகள் ஒன்றோடொன்று ஒட்டி, காயும்போது கொத்தாகச் சாய்ந்துவிடும். பிரஷ், வினிகர் எதுவும் வேண்டாம். பஞ்சிலும் டிஷ்யூவிலும் சுற்றவே கூடாது. இழை மாட்டினால் இழுத்துக்கொண்டு வந்துவிடும். உயரமான மூடியுள்ள பிளாஸ்டிக் டப்பா வாங்கி, கல்லின் அடிப்பக்கத்தை மட்டும் ஒட்டுக் களிமண்ணால் பதித்து, மூடி எதையும் தொடாமல் வையுங்கள். ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்று கூட இருக்கட்டும். நிக்கல் ஒவ்வாமை உள்ளவர்கள் தொட்டால் கை கழுவ வேண்டும்.

தேடப் போவது பற்றித்தான் எனக்குக் கவலை. 1966 அக்டோபர் 21 அன்று தெற்கு வேல்ஸின் ஆபர்வான் கிராமத்தில் இப்படியொரு கழிவு மேடு சரிந்து பள்ளிக்கூடத்தை மூடியது. 144 பேர் இறந்தார்கள், 116 பேர் குழந்தைகள். பிறகு பல மேடுகள் அகற்றப்பட்டன, சமன்படுத்தப்பட்டன. நல்ல மாதிரிகள் இப்போது அரிதாகக் கிடைப்பதற்கு அதுவும் ஒரு காரணம். மிச்சமிருப்பவை ஆபத்து தீர்ந்தவை என்று நினைக்காதீர்கள்: 2020 பிப்ரவரி புயல் மழையில் உங்கள் ரொந்தாவிலேயே டைலர்ஸ்டவுனில் ஒரு மேடு சரிந்தது. மேட்டில் ஏறாதீர்கள், தோண்டாதீர்கள், மழைக்குப் பிறகு கீழேயும் நிற்காதீர்கள். ஓடையில் கிடக்கும் கல்லானாலும் நிலத்துக்காரரிடம் கேட்டுவிட்டு எடுங்கள். உடைக்கும்போது கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி கட்டாயம். சிடரைட் சில்லு கூர்மையாகத் தெறிக்கும்.

எடுத்த இடம், ஓடையின் பெயர், தேதி மூன்றையும் இன்றே ஒரு சீட்டில் எழுதி டப்பாவுக்குள் போடுங்கள். இடம் தெரியாத மில்லரைட்டைச் சேகரிப்பாளர்கள் சீண்ட மாட்டார்கள். அப்புறம், உடைத்த கல்லின் மறுபாதியை எறிந்துவிட்டீர்களா? வைத்திருந்தால் லென்ஸோடு அதன் வெடிப்புகளையும் பாருங்கள். பொடி முடிகள் வெறும் கண்ணுக்குத் தெரியாது.