ரயிலுக்கு மூக்கு எதற்கு?

கேள்வி: அண்மையில் ஜப்பானுக்குச் சென்று, நீண்ட மூக்குள்ள ஷின்கான்சென் ரயிலில் பயணம் செய்து திரும்பினேன். அதன்பிறகு நம் சிங்கப்பூரின் புக்கிட் பாஞ்சாங் இலகு ரயிலைப் பார்த்தால் சக்கரம் பூட்டிய குளிர்சாதனப் பெட்டியாகத்தான் தெரிகிறது. பெருவிரைவு ரயிலின் முகமோ சுவரில் மோதிச் சப்பையானதுபோல் இருக்கிறது. இவ்வளவு வசதியுள்ள நாட்டில் அழகான ரயில் வாங்க மனமில்லையா? இப்படி வடிவமைத்தவர்கள் வெட்கப்பட வேண்டாமா? (வாசகர், ஈசூன்)

பதில்: வெட்கத்துக்குக் கடைசியில் வருவோம், முதலில் மூக்கு. நீங்கள் வியந்த அந்த மூக்கு உங்கள் கண்ணுக்காக நீட்டப்பட்டதன்று. மணிக்கு 300 கிலோமீட்டர் வேகத்தில் சுரங்கப்பாதைக்குள் நுழையும் ரயில் முன்னாலுள்ள காற்றை அழுத்தித் தள்ள, அந்த அழுத்தம் சுரங்கத்தின் மறுவாயில் வெடிச்சத்தமாக வெளியேறி அக்கம்பக்கத்தாரின் தூக்கத்தைக் கெடுக்கும். அதைத் தணிக்கத்தான் 1997இல் ஓடத் தொடங்கிய 500 வரிசை ரயிலுக்கு 15 மீட்டர் மூக்கு வைத்தார்கள். அதற்கு விலையாக முதல் பெட்டியில் இருக்கைகள் குறைந்தன, பயணிகள் ஏறும் முன்பக்கக் கதவும் போயிற்று. 1999இல் வந்த 700 வரிசையின் மூக்கு அதைவிடக் குட்டையானது. வாத்தின் அலகை ஒட்டவைத்ததுபோல் இருக்கும். அதைப் பார்த்திருந்தால் உங்கள் கடிதம் வேறு மாதிரி வந்திருக்கக்கூடும்.

நம் வடக்கு தெற்கு, கிழக்கு மேற்குத் தடங்களில் உச்ச வேகம் மணிக்கு 80 கிலோமீட்டர்தான். அந்த வேகத்துக்கு மூக்கு தேவையில்லை. வைத்தால் அது நடைமேடையின் நீளத்தில் பங்கு கேட்கும். காலை எட்டு மணிக்கு ஈசூனில் ஏறும் நீங்கள்தான் நிற்க இடமில்லாமல் அடுத்த ரயிலுக்குக் காத்திருப்பீர்கள். மேலும், அந்தச் சப்பை முகத்தின் நடுவில் ஒரு கதவு இருப்பதைக் கவனித்தீர்களா? ரயில் சுரங்கத்துக்குள் நின்றுபோனால் பயணிகள் தண்டவாளத்துக்கு இறங்கி நடப்பதற்கான வழி அது.

குளிர்சாதனப் பெட்டி என்ற உவமையை நான் மறுக்கவில்லை. உண்மையில் பொருத்தமாகவே இருக்கிறது. ஆனால், 1999இல் தொடங்கிய அந்த இலகு ரயில் ரப்பர் சக்கரங்களில், ஏற்கெனவே கட்டி முடித்த வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடிகளுக்கு இடையே நெளிந்து செல்ல வேண்டியது. சில இடங்களில் கையை நீட்டினால் துணி காயும் கழியைத் தொட்டுவிடலாம் என்று தோன்றும் அளவுக்கு வீடுகள் அருகில் இருக்கின்றன. அங்கே ரயில் நெருங்கும்போது சன்னல் கண்ணாடி தானாகவே பால்போல வெளுத்து மறைத்துவிடுகிறது. வீடுகளைத் தாண்டியதும் மறுபடி தெளிகிறது. அடுத்தவர் வீட்டுக் கூடத்தை எட்டிப் பார்க்காமல் கண்ணை மூடிக்கொள்ளும் நாகரிகம் எத்தனை அழகான ரயில்களுக்கு உண்டு?

இதைவிட விகாரமான முகம் வேண்டுமென்றால் டென்மார்க்கின் ஐசி3 ரயிலைப் பாருங்கள். முன்பக்கம் முழுவதையும் சுற்றிக் கறுப்பு ரப்பர் வளையம், லாரி டயரை முகத்தில் மாட்டியதுபோல் இருக்கும். இரண்டு ரயில்களை இணைத்தால் இரு வளையங்களும் ஒன்றோடொன்று அழுந்திக்கொள்ள, ஓட்டுநரின் மேசையும் முன்கண்ணாடியும் சேர்ந்து ஒருபுறமாக மடங்கிவிடும். சற்றுமுன் ஓட்டுநர் உட்கார்ந்திருந்த இடத்தின் வழியாகப் பயணிகள் காற்றும் மழையும் படாமல் அடுத்த ரயிலுக்கு நடந்து போகலாம்.

நம்மவர் ஊட்டிக்குப் போனால் படம் எடுத்துத் தள்ளும் நீலகிரி மலை ரயிலின் எக்ஸ் வகை நீராவி என்ஜின் மட்டும் என்ன அழகு? இருபுறமும் ஒன்றன்மேல் ஒன்றாக நீராவி உருளைகள், அவற்றைச் சுற்றிப் பின்னிக் கிடக்கும் தண்டுகள். போதாததற்கு மலையேறும்போது பெட்டிகளுக்குப் பின்னால் நின்று தள்ளுகிறது. 12 அடிக்கு ஓர் அடி உயரும் சரிவில் வெறும் சக்கரப் பிடிப்பு போதாது என்பதால், ஒரு சோடி உருளை சக்கரங்களையும் இன்னொரு சோடி, தண்டவாளங்களின் நடுவிலுள்ள பற்சட்டத்தைப் பற்றி ஏறும் பல்சக்கரங்களையும் இயக்குகின்றன. அதை அசிங்கம் என்று யாரும் எனக்கு எழுதியதில்லை.

இனி வெட்கம். அமெரிக்காவில் கழிவு நிலக்கரியை எரிப்பதற்காக அடுப்பை மிக அகலமாக்கி, ஓட்டுநரின் அறையைக் கொதிகலனின் நடுமுதுகில் ஏற்றிவைத்த 'கேமல்பேக்' என்ஜின்கள் இருந்தன. சக்கரங்களை இணைக்கும் பக்கவாட்டுத் தண்டு முறிந்தால் நேராக ஓட்டுநரின் அறையைப் பிளக்கும். கரி அள்ளிப் போடுபவரோ பின்னால் தனியாக, பெயருக்கு ஒரு கூரையின் கீழே மழையில் நிற்பார். பிரிட்டனில் 1980களில் செலவைக் குறைக்கப் பேருந்தின் உடல் பாகங்களைக் கொண்டு, பெட்டிக்கு இரண்டே அச்சுகளுடன் 'பேசர்' ரயில்களைக் கட்டினார்கள். வளைவுகளில் கிறீச்சிட்டும் தண்டவாள இணைப்புகளில் குதித்தும் ஓடிய அவற்றில் கடைசி வண்டி ஓய்ந்தது 2021இல்தான். அத்தனை ஆண்டுகளும் அந்தச் சிக்கனத்தை முதுகில் சுமந்தவர்கள் அன்றாடம் வேலைக்குப் போன பயணிகள். உங்கள் கேள்வியை அந்த முகவரிக்கு அனுப்பியிருந்தால் நானும் கீழே கையெழுத்திட்டிருப்பேன்.