படம் எடுத்தால் பட்டம் கிடைக்குமா?

கேள்வி: திருநெல்வேலிப் பக்கம் பீடி சுற்றும் பெண்களின் உடல்நலம் பற்றி முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன். அவர்களிடமே கேமராவைக் கொடுத்துப் படம் எடுக்கச் சொல்லியிருக்கிறேன். “இதெல்லாம் ஆய்வா, வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) தூக்கிப் போட்டுவிடுவார்கள்” என்று பயமுறுத்துகிறார்கள். கேள்வித்தாளுக்கே மாறிவிடட்டுமா?

பதில்: மாற வேண்டாம். யுஜிசி எனும் பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022 முனைவர் பட்ட விதிமுறை, இன்ன வழியில்தான் தரவு திரட்ட வேண்டும் என்று கட்டாயப்படுத்தவில்லை. நீங்கள் செய்வதற்கு ஃபோட்டோவாய்ஸ் என்று பெயரே இருக்கிறது. கரோலின் வாங், மேரி ஆன் பர்ரிஸ் இருவரும் 1990களில் சீனாவின் யுன்னான் கிராமத்துப் பெண்களிடம் கேமராவைக் கொடுத்து ஆரம்பித்த வேலை இது. 1997இல் அவர்கள் எழுதிய கட்டுரையை ஆய்வு முறையை விளக்கும் இயலில் முதலில் வையுங்கள், பாதிப் பேர் வாய் அடைபடும்.

மீதிப் பாதி உங்கள் கையில். படத்தை விட, அதை வைத்து அந்தப் பெண் பேசுவதுதான் உங்கள் தரவு. ஓர் அக்கா வெறும் சொளகை மட்டும் எடுத்து வந்திருப்பார், பார்த்தால் இலையும் தூளும்தான். ஏன் எடுத்தீங்க என்று கேட்டால், இதை மடியில் வைத்துக் குனிந்து குனிந்தே கழுத்து போச்சு என்பார். அதை அவர் சொல்லிலேயே எழுதுங்கள். நூறு படத்தில் பன்னிரண்டை மட்டும் வைக்கிறீர்களா, யார் தேர்ந்தெடுத்தது, ஏன் என்பதையும் எழுதுங்கள். வைவாவில் மாட்டுவது அங்கேதான்.

உண்மையான ஆபத்து வேறு. ஜெராக்ஸ் கடைக்கு மாடியில் ‘தீசிஸ் செய்து தரப்படும்’ என்று போர்டு மாட்டியிருக்கிறார்களே, அந்தப் பக்கம் போய்விடாதீர்கள். உங்கள் படங்களுக்கு ஒன்று முதல் ஐந்து வரை மார்க் போட்டு, கை-ஸ்கொயர் என்ற புள்ளியியல் சோதனை அட்டவணையாக்கி, பத்துப் பேருக்கு விற்ற அதே முன்னுரையை ஒட்டிக் கொடுப்பார்கள். திருட்டு கண்டுபிடிக்கும் மென்பொருளில் சிக்கினால் அவர்கள் போனை எடுக்க மாட்டார்கள். ‘இன்டர்நேஷனல் ஜர்னலில் கட்டுரை கட்டாயம்’ என்று சொல்லி அதற்கும் தனியாகப் பணம் கேட்பார்கள். 2022 விதிமுறையில் அந்தக் கட்டாயமே இல்லை!

அப்புறம் அறநெறிக் குழு, அதாவது ஆய்வில் கலந்துகொள்பவர்களுக்குத் தீங்கு வராதா என்று பார்த்து அனுமதி தருகிற குழு. சமூகவியல் ஆய்வுக்கும் மருத்துவப் படிவத்தையே நீட்டி, எத்தனை மில்லி ரத்தம் எடுப்பீர்கள் என்று கேட்கிற ஊர் இது. என் மாணவி ஒருத்தி ‘பொருந்தாது’ என்று எழுதி எழுதியே பேனாவைத் தீர்த்தாள். சண்டை போடாதீர்கள், எழுதிக் கொடுத்துவிட்டு வேலையைப் பாருங்கள்.

ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் நான் கறார். படத்தில் குழந்தை இருந்தால்? பள்ளிவிட்டு வந்த மகள் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து இலை வெட்டுகிறாள், அம்மாவே ஆசையாக எடுத்த படம், கையெழுத்தும் போட்டுவிட்டார். போதாது. படத்தில் வருபவர் வேறு, எடுத்தவர் வேறு. அம்மா சம்மதித்தாலும் அந்த மகளிடமும் கேட்க வேண்டும். அவளும் சரி என்றாலும், ஆய்வேடு ஷோத்கங்கா என்ற இணைய ஆய்வேட்டுக் களஞ்சியத்தில் ஏறியபின் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம், நாளைக்கு அந்த அம்மாவுக்கே அது வம்பாகலாம். முகத்தை மங்கலாக்கினால் போதுமே என்பீர்கள். ஊர்க்காரர்களுக்குத் திண்ணையைப் பார்த்தாலே வீடு தெரிந்துவிடும். அந்தப் படத்தை நீக்கிவிட்டு, அதைப் பற்றி அம்மா சொன்னதை மட்டும் வையுங்கள்.