உட்கார்ந்தால் துப்பாக்கி உறை குத்துகிறது என்றவருக்கு

வலது இடுப்பெலும்பின் மேலேயே, பேன்ட்டுக்குள் துப்பாக்கி உறையைச் செருகுவதாகவும், காரில் உட்கார்ந்தால் குத்துவதாகவும், கைப்பிடி சட்டையில் துருத்துவதாகவும் எழுதியிருந்தீர்கள். உறையை மாற்றுமுன் பெல்ட்டைப் பாருங்கள். பெல்ட் தொளதொளவென்று இருந்தால் எந்த உறையும் சரிந்து குத்தும். விறைப்பான பெல்ட் போட்டாலே பாதி வலி போய்விடும்.

அப்புறம் உறையை எலும்புக்குச் சற்றுப் பின்னே தள்ளி, கைப்பிடி முன்பக்கம் சாயும்படி 15 டிகிரி சாய்த்து மாட்டுங்கள். கைப்பிடி உடலோடு ஒட்டிக்கொள்ளும். உள்ளே பனியன், இடுப்பில் ஓரிரு அங்குலம் கூடுதலான பேன்ட்.

மெத்தென்று இருக்கிறதே என்று துணி உறைக்குப் போய்விடாதீர்கள், தயவுசெய்து. அதன் வாய் மடங்கி, விசையைச் சுற்றியுள்ள வளையமான விசைக்காப்புக்குள் நுழைந்து விசையை அழுத்திவிடலாம். விசைக்காப்பு முழுவதையும் மூடும் கைடெக்ஸ் (விறைப்பான பிளாஸ்டிக்) உறைதான் நல்லது. தோட்டாக்களை நீக்கிச் சரிபார்த்த பிறகே இதையெல்லாம் வீட்டில் பழகிப் பாருங்கள்.